தொலைந்த கல்வட்டத்தைத் தேடுவது எப்படி? சேர்வராயன் மலையை வைத்து ஓர் எளிய விளக்கம்

சேலம் மாவட்டத்தைப் பற்றிய வெள்ளைக்காரன் காலத்துக் குறிப்புகளைப் புரட்டினால், "இந்த ஊருக்கு அரை மைல் தெற்கே கல்வட்டம் ஒன்று உண்டு" என்கிற மாதிரி வரிகள் கண்ணில் படும். இன்று அந்த ஊருக்குப் போய்க் கேட்டால் யாருக்கும் தெரியாது. வட்டம் அழிந்துபோயிருக்கலாம், புதருக்குள் கிடக்கலாம், எழுதியவர் சொன்ன இடமே வேறாகவும் இருக்கலாம். மூன்றில் எது என்று தீர்மானிப்பதுதான் இந்த வேலை.

புதிதாக வருபவர்கள் குறிப்பைப் படித்த கையோடு காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். அது கடைசியில் செய்ய வேண்டியது. முக்கால்வாசி வேலை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வீட்டில் முடிய வேண்டும். குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு தூரம் தவறக்கூடும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தவறையும் சேர்த்து வரைபடத்தில் வரைய வேண்டும். எல்லாத் துப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில் மட்டும் நடக்க வேண்டும்.

எதைத் தேடுகிறோம்

கல்வட்டம் என்றதும் பலருக்கு இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சு ஞாபகம் வரும். நம் பக்கத்துக் கல்வட்டம் அப்படி வானளாவ நிற்காது. இது இரும்புக்கால ஈமச்சின்னம். குழியிலோ, பலகைக்கல் அடுக்கிய கல்லறையிலோ, தாழியிலோ இறந்தவரின் எலும்புகளை வைத்து மூடி, மேலே சின்னக் கற்களைக் குவித்து, அந்தக் குவியல் சரியாமல் சுற்றிலும் பெரிய கற்களை நட்டிருப்பார்கள். குறுக்களவு பெரும்பாலும் 5 மீட்டரிலிருந்து 15 மீட்டருக்குள் இருக்கும். கற்கள் முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பு உயரம். மண் ஏறிப்போன இடங்களில் ஒரு சாண் மட்டும் வெளியே தெரியும். காபித் தோட்டத்துக்குள் இருந்தால் இருபதடி தள்ளி நின்றாலும் தெரியாது.

குவியல் மட்டும் இருந்தால் கற்குவை. பலகைக் கற்களை நான்கு பக்கம் நிறுத்தி மேலே மூடுகல் வைத்து, தரைக்கு மேலே தெரிந்தால் கல்திட்டை. தரைக்குள் இருந்தால் கற்பதுக்கை. ஒற்றைக் கல் நின்றால் குத்துக்கல், நெடுங்கல். வட்டத்துக்குள் கல்திட்டை இருப்பதும், குவை இருப்பதும் சகஜம். இவை ஒற்றையாக அமைவது அபூர்வம். ஓர் ஈமக்காட்டில் பத்து, இருபது இருக்கும். பழைய குறிப்பில் "ஒரு வட்டம்" என்று இருந்தால், வந்தவர் கண்ணில் பட்ட பெரிய வட்டம் அது என்றே எடுத்துக்கொள்ளலாம். தேடுகிறவருக்கு இது நல்லதுதான். ஒன்று அகப்பட்டால் சில நூறு மீட்டருக்குள் மற்றவையும் இருக்க வாய்ப்பு உண்டு.

காலத்தைப் பற்றிக் கொஞ்சம் அடக்கமாகப் பேச வேண்டும். மேட்டூர் அணைக்கு அருகே மாங்காட்டில் ஈமச்சின்னத்தில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 1604 முதல் 1416 வரை என்று தேதி வந்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கி.மு. 2172 வரை போகிறது. அதற்காக ஏற்காட்டில் பார்த்த வட்டத்துக்கு அந்தத் தேதியை ஒட்டிவிட முடியாது. நட்ட கல்லைப் பார்த்து வயது சொல்ல வழியில்லை.

பழைய குறிப்பைப் பிரித்துப் படிப்பது

சேலம் பகுதிக்கு முதலில் பார்க்க வேண்டியவை நான்கு. 1870-களில் மாரிஸ் பிலிப்ஸ் என்ற பாதிரியார் சேலம் மாவட்டத்து ஈமக்குழிகளைப் பற்றி எழுதியது. 1882-இல் ராபர்ட் சூவெல் வெளியிட்ட சென்னை மாகாணத் தொல்பொருள் பட்டியல். 1918-இல் வந்த, எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட கெஜட்டியர் என்ற அரசு விவரத் தொகுப்பு. அப்புறம், ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த பொருள்களின் பட்டியல்கள். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்ட அதே ஃபூட்தான். ஓய்வு பெற்று ஏற்காட்டில் வாழ்ந்தவர்.

மூன்று புத்தகத்தில் இருப்பதால் மூன்று பேர் பார்த்தார்கள் என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். சூவெல் எல்லா ஊருக்கும் போகவில்லை. அதிகாரிகள் அனுப்பிய தகவல்களைத் தொகுத்தவர். பின்னால் எழுதியவர்கள் முன்னால் இருந்ததை எடுத்தெழுதினார்கள். எடுத்தெழுதும்போது "அரை மைல்" "ஒரு மைல்" ஆகும், "தென்கிழக்கு" வெறும் "கிழக்கு" ஆகும். ஆகவே ஒரே வரியின் எல்லா வடிவங்களையும் தேதி வரிசையில் ஒரு தாளில் எழுதி, எது முதலில் வந்தது, எந்தச் சொல் எங்கே மாறியது என்று கோடு போட்டுப் பாருங்கள். முதல் வரிதான் சாட்சி. மற்றவை எதிரொலி.

அடுத்தது, எழுதியவர் நேரில் போனாரா என்பது. போனவர் கற்களை எண்ணியிருப்பார், அடிக்கணக்கு சொல்லியிருப்பார், பக்கத்தில் ஓடை, பாறை ஏதாவது ஒன்றைக் குறித்திருப்பார். கேள்விப்பட்டவர் "பல" என்பார், "பழமையான" என்பார். அளவு எதுவுமே இல்லாத குறிப்பை வைத்து இடம் தேடுவது பெரும்பாலும் வீண்.

கலைச்சொற்களையும் அப்படியே நம்பக் கூடாது. க்ரோம்லெக் என்ற சொல்லை அந்தக் காலத்தில் சிலர் கல்திட்டைக்குச் சொன்னார்கள், சிலர் கல்வட்டத்துக்குச் சொன்னார்கள். வட்டம் என்று தேடிப் போய், அங்கே நிற்கும் கல்திட்டையைத் தாண்டி நடந்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. ஊர்ப் பெயரும் இதே கதைதான். ல, ள, ழ மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. ட, த இரண்டும் கலந்துவிடும். பெயரை எத்தனை விதமாகப் படிக்க முடியுமோ அத்தனையையும் எழுதிக்கொண்டு வருவாய்த்துறைக் கிராமப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். புதூர், மேலூர், நல்லூர் மாதிரிப் பெயர்கள் மலையிலும் இருக்கும், அடிவாரத்திலும் இருக்கும்.

ஃபூட் சேகரிப்பைப் பார்க்கும்போது தனிக் கவனம் வேண்டும். தேய்த்து வழவழப்பாக்கிய புதிய கற்காலக் கைக்கோடரிகளைச் சேலம், தருமபுரி, சவ்வாது மலைப் பக்கமெல்லாம் சின்னக் கோயில்களில் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். கோயிலில் இருக்கும் கோடரி எங்கோ வயலில் கிடைத்து வந்தது. அது அங்கே இருப்பதால் அந்த இடம் தொல்லிடம் ஆகாது. காலமும் வேறு. கல்வட்டத்துக்கு அதைத் துப்பாக எடுக்க வேண்டாம்.

வரைபடம் ஏமாற்றும் இடங்கள்

பழைய சர்வே வரைபடத்தில் இருந்தோ, அதை வைத்து எழுதிய குறிப்பில் இருந்தோ அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்தால், அதை அப்படியே கைபேசியில் போடாதீர்கள். பழைய தாள்கள் பலவற்றில் சென்னை வானியல் ஆய்வகத்தின் தீர்க்கரேகையை 80 பாகை 17 நிமிடம் 21 விநாடி என்று வைத்துக்கொண்டு மற்ற இடங்களைக் கணக்கிட்டார்கள். அது சுமார் 2 நிமிடம் 27 விநாடி அதிகம் என்று பிறகு தெரிந்தது. தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இந்தத் திருத்தம் அச்சாகியிருக்கும், பலர் படிப்பதில்லை. சேலத்தின் அட்சரேகையில் தீர்க்கரேகை ஒரு நிமிடம் என்றால் தரையில் 1.8 கிலோமீட்டர். ஆக, திருத்தாமல் போட்டால் புள்ளி ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர் கிழக்கே போய் விழும். ஏற்காட்டு மலையில் அது வேறு பள்ளத்தாக்கு, வேறு ஊர். எழுதியவர் பொய் சொல்லிவிட்டார் என்று பழி போடுமுன் தாளின் ஓரத்தைப் படியுங்கள்.

இரண்டாவது தவறு சிறியது, ஆனால் நடக்கும்போது கால் வலிக்கும். பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற நீள்வட்ட அளவையை அடிப்படையாகக் கொண்டவை. கைபேசி டபிள்யூஜிஎஸ் 84 அளவையில் காட்டும். நம் பகுதியில் இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 200 மீட்டர். வரைபடத்தை ஸ்கேன் செய்து க்யூஜிஐஎஸ் மாதிரி மென்பொருளில் ஏற்றினால், ஓரத்து எண்களை மட்டும் நம்பாமல் தரையில் மாறாத நான்கைந்து புள்ளிகளைப் பொருத்திப் பாருங்கள். மலை உச்சியில் உள்ள சேர்வராயன் கோயில், தேவாலயம், இரண்டு ஓடைகள் கூடுமிடம், சர்வே முக்கோணப் புள்ளி ஆகியவை நல்லவை. சாலை வளைவு உதவாது, அது மாறும். ஏரிக்கரையும் அப்படித்தான்.

சேலத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. 78 பாகை தீர்க்கரேகை தாரமங்கலத்துக்கும் ஓமலூருக்கும் இடையே போகிறது. மீட்டர் கணக்கில் இடம் குறிக்கும் யூடிஎம் முறையில் 43-ஆம் மண்டலமும் 44-ஆம் மண்டலமும் அங்கேதான் பிரிகின்றன. ஏற்காடு, சேலம் நகரம், ஓமலூர் எல்லாம் 44. தாரமங்கலம், மேட்டூர் 43. மண்டல எண் எழுதாமல் இரண்டு எண்ணை மட்டும் ஒருவர் அனுப்பினால், அதை மற்றவர் வேறு மண்டலத்தில் போட்டுப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய எண்முறையில் 1:50,000 தாள் வேண்டுமென்றால் ஏற்காட்டுக்கு 58 ஐ/1, சேலம் நகரத்துக்கு 58 ஐ/2. இவற்றில் கல்வட்டம் குறித்திருக்காது. ஓடை, பாதை, பழைய குடியிருப்புகளின் பெயர்களுக்காகத்தான் இவை தேவை. தாளில் ஊர்ப் பெயர் அச்சான இடம் ஊர் இருக்கும் இடம் ஆகாது. பெயரை இடம் பார்த்து ஒதுக்கி அச்சிடுவார்கள். வீட்டுக் குறிகளைத்தான் பார்க்க வேண்டும்.

கிராம அளவில் வந்தால் வருவாய்த்துறை ஆவணங்கள் அருமையானவை. கிராம வரைபடம், ஒவ்வொரு புலத்துக்கும் தனியே வரைந்த புலப்படம், புல எண் வாரியாக நிலத்தின் விவரம் எழுதிய ஏ பதிவேடு மூன்றும் போதும். பதிவேட்டில் "கல்லாங்குத்து" என்று வகைப்படுத்திய புல எண்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். உழ முடியாமல் விட்ட நிலத்தில்தான் ஈமக்காடு பிழைத்திருக்கும். மேய்ச்சல் புறம்போக்கும் பார்க்கத் தக்கது. 1979-இல் தொடங்கிய யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பு வேலைக்குப் பிறகு பல ஊர்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறியிருப்பதால், பழைய குறிப்பில் புல எண் இருந்தால் அது இன்றைய எந்த எண் என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ சர்வேயரிடமோ ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் இந்த வசதி கிடையாது. அங்கே புலமாகப் பிரித்து அளக்கவில்லை.

கணக்கு எப்படி வேலை செய்கிறது

விளக்குவதற்காக ஒரு குறிப்பை நாமே புனைந்துகொள்வோம்: "ஏற்காட்டுக்கு வடகிழக்கே 5 மைலில் உள்ள மேலூருக்கு அரை மைல் தெற்கே, ஓடையின் இடக்கரையில், பன்னிரண்டு கற்கள் நட்ட வட்டம், குறுக்களவு 24 அடி."

5 மைல் என்பது 8 கிலோமீட்டர். முழு எண்ணில் சொன்னதால் நாலரை மைலாகவும் இருக்கலாம், ஐந்தரையாகவும் இருக்கலாம், அதாவது 7.2 முதல் 8.9 கிலோமீட்டர் வரை. வடகிழக்கு என்று எட்டுத் திசையில் ஒன்றைச் சொன்னால் இரு பக்கமும் இருபத்திரண்டரை பாகை விட வேண்டும். இந்த வளைந்த பட்டையின் பரப்பு சுமார் 10 சதுர கிலோமீட்டர். யாராலும் நடந்து தேட முடியாது. இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: 5 மைல் காக்கை பறக்கிற நேர்க்கோடா, மலைப்பாதையா? பாதை என்றால் நேர்த்தூரம் மூன்று, மூன்றரை மைலாகவும் குறையும். எழுதியவர் மற்ற ஊர்களுக்குச் சொன்ன தூரங்களை எடுத்து வரைபடத்தில் அளந்து பார்த்தால் அவருடைய பழக்கம் தெரிந்துவிடும். ஏற்காடு என்று அவர் எதைச் சொன்னார், ஏரியையா, தேவாலயத்தையா, பங்களாவையா என்பதும் அதே சோதனையில் ஓரளவு பிடிபடும்.

இரண்டாவது துப்பு வந்ததும் நிலைமை மாறுகிறது. மேலூர் எது என்று உறுதியானால், அரை மைல் என்பதைக் கால் மைல் முதல் முக்கால் மைல் வரை வைத்துக்கொள்ளலாம்: 400 மீட்டர் முதல் 1,200 மீட்டர். தெற்கு என்பதற்கு முன்போலவே இரு பக்கமும் விட்டால் 50 ஹெக்டேர். ஓடையின் இடக்கரை என்பதால் தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நின்று இடக்கைப் பக்கம் மட்டும், கரையிலிருந்து 75 மீட்டருக்குள் என்று எடுத்தால் 6 ஹெக்டேர் மிஞ்சும். இதைத் தேட முடியும்.

ஆனால் மொத்தக் கணக்கும் மேலூரின் தலையில் நிற்கிறது. மலையில் குடியிருப்புகள் இடம் மாறும். தண்ணீர் வற்றியதாலும், சாலை வந்ததாலும், தோட்டம் போட்டதாலும் ஊர் அரைக் கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். பெயர் மட்டும் கூடவே வந்திருக்கும். பழைய ஊர் எது என்பதற்கு ஊர்க்கோயில், பழைய கிணறு, தனியாக நிற்கும் மாமரம், பதிவேட்டில் நத்தம், அதாவது குடியிருப்பு மனை, என்று உள்ள நிலம் இவற்றைக் கேளுங்கள். வீடுகள் போனாலும் சாமியை அவ்வளவு சீக்கிரம் நகர்த்த மாட்டார்கள்.

இரண்டு துப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழவே இல்லை என்றால் கூட்டிக் கழித்துச் சமாதானம் பண்ணாதீர்கள். ஒன்று தவறு, அல்லது எழுதியவர் இரண்டு வேறு இடங்களை ஒன்றாக்கிவிட்டார். இரண்டையும் தனித்தனி இடமாக வைத்துத் தேட வேண்டும்.

ஊராரிடம் கேட்பது

"இங்கே கல்வட்டம் இருக்குங்களா?" என்று கேட்டால் பதில் "இல்லீங்க" அல்லது, வந்தவரைச் சந்தோஷப்படுத்த, "இருக்குதுங்க". இரண்டாலும் பயனில்லை. மக்கள் வழங்கும் பெயர்கள் பாண்டவர் குழி, பாண்டு குழி, குள்ளர் வீடு, வாலியர் வீடு என்று போகும். அவற்றையும் நீங்களாகச் சொல்லிக் கொடுக்காமல், அவர்கள் வாயிலிருந்து வரும்படி கேட்பது நல்லது. "ஐயா, இந்தக் காட்டுல ஏர் ஓட்டுறப்ப எங்கெங்கீங்க கல்லு மாட்டும்?", "இந்தக் கல்கட்டுக்குக் கல்லு எங்கிருந்துங்க கொண்டாந்தாங்க?", "பொழுது சாஞ்சா ஆடு ஓட்டிட்டுப் போகாத இடம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" இந்த மூன்றாவது கேள்வி பல இடங்களில் வேலை செய்யும், ஈமக்காட்டைச் சுற்றிப் பயம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆடு மேய்ப்பவர், எஸ்டேட் மேஸ்திரி, வேலி கட்டுகிற ஆட்கள், தேன் எடுக்கப் போகிற, இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள் ஆகியோருக்குத் தெரிந்த அளவுக்கு ஊர்ப் பிரமுகர்களுக்குத் தெரியாது. இருவரைத் தனித்தனியே கேட்டு, இருவரும் ஒரே இடத்தைக் கை காட்டினால் அதை வரைபடத்தில் குறியுங்கள்.

புதையல் என்ற பேச்சே எழக் கூடாது. கல் தேடி வெளியூர் ஆள் வந்தான் என்ற செய்தி பரவினால், அடுத்த அமாவாசைக்குள் யாராவது கடப்பாரையோடு போய்விடுவார்கள். அதனால் பகலில், ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போவதுதான் முறை. தோட்டம் என்றால் மேலாளரின் அனுமதி, காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி முதலில் வேண்டும். காட்டெருமை நடமாட்டம் உள்ள மலை. காலை மூடுபனியில் தனியாகப் போகாதீர்கள்.

நடந்து தேடுவது

செயற்கைக்கோள் படம் அடிவாரத்தில் உதவும், மலைமேல் உதவாது. 24 அடி வட்டம் என்பது 7.3 மீட்டர். 10 மீட்டருக்கு ஒரு புள்ளி தருகிற இலவசப் படங்களில் அது புள்ளியாகக்கூடத் தெரியாது. கூகுள் எர்த்தின் தெளிவான படங்களில், அறுவடை முடிந்த வெற்று நிலத்தில் நிழல் நீண்டிருந்தால் தெரியும். பழைய தேதிப் படங்களையும் புரட்டிப் பாருங்கள். சில்வர் ஓக் நிழலில் காபி வளர்கிற சரிவில் இலையைத்தான் பார்க்கலாம்.

மலையில் நல்ல காலம் பிப்ரவரி, மார்ச். காபி பறித்து, கவாத்து முடிந்த கையோடு போனால் செடிக்கடியில் தரை தெரியும். உண்ணிச்செடி மண்டிய இடத்தில் எந்த மாதமும் கஷ்டம்தான். ஆட்கள் 5 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று, சரிவுக்குக் குறுக்காக ஒரே மட்டத்தில் நடக்க வேண்டும். 6 ஹெக்டேருக்கு 5 மீட்டர் இடைவெளி என்றால் மொத்தம் 12 கிலோமீட்டர் நடை. நாலு பேர் என்றால் தலைக்கு 3 கிலோமீட்டர். புதர், குறிப்பெழுதுவது எல்லாம் சேர்த்து ஒரு நாள் ஆகும். கைபேசியில் நடந்த தடத்தைப் பதிவு செய்வது கட்டாயம். எந்தப் புதருக்குள் நுழைய முடியவில்லை என்பதையும் அதே வரைபடத்தில் அடையாளமிடுங்கள்.

தப்பாக மயக்குபவை நிறைய. பழைய நெற்களம், ஆட்டுப்பட்டி, சுண்ணாம்புக் காளவாய், மரத்தைச் சுற்றிக் கட்டிய மேடை, காட்டைத் திருத்தும்போது பொறுக்கிக் குவித்த கல் எல்லாம் தூரத்தில் வட்டமாகத்தான் தெரியும். பட்டியிலும் களத்திலும் கல் தரைமேல் உட்கார்ந்திருக்கும். ஈமவட்டத்தில் கல் தரைக்குள் புதைந்து நிற்கும். அடியில் ஆடாமல் முட்டுக்கொடுத்த சின்னக் கற்கள் இருக்கும். உள்ளே தரை லேசாக மேடேறியிருக்கும்.

சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறை இன்னொரு விதமாக ஏமாற்றும். அது அடுக்கடுக்காகத் தோல் உரிந்து, உருண்டைக் கற்களாகப் பிரிகிற பாறை. காலத்தில் மண் கழுவிப்போய் அந்த உருண்டைகள் சரிவில் தானாகவே வளைந்து கிடக்கும். நட்டதா, கிடப்பதா என்று பார்க்க ஒவ்வொரு கல்லின் நீள அச்சையும் கவனியுங்கள். உருண்டு வந்தவை சரிவு வாக்கில் கிடக்கும். நட்டவற்றில் அகலமான முகம் வட்டத்தின் ஓரத்தோடு ஒட்டிப் போகும், சரிவு எந்தப் பக்கம் இருந்தாலும்.

கல்லே இல்லாமல் போயிருந்தால்? நூறு மீட்டர், இருநூறு மீட்டருக்குள் இருக்கும் எஸ்டேட் சுவர், தடுப்பணை, சிறுபாலம் எல்லாவற்றையும் பாருங்கள். கைக்கல்லால் கட்டிய சுவரில் இருவர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கல் ஒன்றிரண்டு இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஒரு முனையில் மட்டும் பாசி படராமல் மண் நிறம் ஏறியிருந்தால், அந்த முனை முன்பு எங்கோ புதைந்திருந்தது என்று பொருள். உளி அடித்துப் பிளந்த துளை வரிசையும் தெரியலாம்.

மூன்று கல் மட்டும் மிஞ்சியிருந்தால்

இதுதான் அதிகம் நடப்பது. வட்டத்தின் ஒரு பக்கத்தில் மூன்று கல் நிற்கிறது, மீதி போய்விட்டது. நாம் தேடும் 24 அடி வட்டம் இதுதானா?

முதல் கல்லின் நடுவிலிருந்து மூன்றாம் கல்லின் நடுவுக்கு நேராக நாடாவை இழுத்துக் கட்டுங்கள். அது 3.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாடாவின் மையத்திலிருந்து நடுக்கல்லின் நடுவுக்குச் செங்குத்தாக அளந்தால் 0.5 மீட்டர். நாடா நீளத்தை அதனாலேயே பெருக்கி, அந்தச் செங்குத்து அளவின் 8 மடங்கால் வகுத்து, அதோடு செங்குத்து அளவில் பாதியைக் கூட்டினால் ஆரம் கிடைக்கும்: 13.69-ஐ 4-ஆல் வகுத்தால் 3.42, அதோடு 0.25 சேர்த்தால் 3.67. குறுக்களவு 7.34 மீட்டர், அதாவது 24 அடி. பன்னிரண்டு கற்களை இந்த வட்டத்தில் சமமாக நட்டால் இடைவெளி 1.9 மீட்டர் வர வேண்டும், அதுவும் ஒத்துப்போகிறது.

சந்தோஷப்படுமுன் ஒரு சோதனை. அந்த அரை மீட்டரை 10 சென்டிமீட்டர் குறைத்து 0.4 என்று அளந்திருந்தால் குறுக்களவு 9 மீட்டர் ஆகிவிடும். கூட்டி 0.6 என்றால் 6.3 மீட்டர். கல்லின் ஓரத்திலிருந்து அளப்பதா, நடுவிலிருந்து அளப்பதா என்ற குழப்பத்திலேயே 10 சென்டிமீட்டர் போய்விடும். மேல்முனை சாய்ந்திருக்கும், அதனால் தரை மட்டத்தில், கல்லின் நடுவை எடுத்து, இரண்டு பேர் தனித்தனியே அளக்க வேண்டும். முடிவை "6.3 முதல் 9 மீட்டருக்குள்" என்று எழுதுவதுதான் நேர்மை. நாலாவது கல் ஒன்று தள்ளி இருந்தால் இந்த இடைவெளி வெகுவாகக் குறையும். கணக்குப்படி காணாமல் போன கற்கள் இருந்திருக்க வேண்டிய இடங்களில் குழிவோ, முட்டுக்கற்களோ தெரிகிறதா என்று பாருங்கள். வேல்ஸில் வான் மான் என்ற இடத்தில் நாலு கல்தான் மிச்சம். அகழ்ந்தபோது எடுத்துவிட்ட கற்களின் குழிகள் மண்ணுக்குள் தெரிந்தன. அது அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் செய்த வேலை. கம்பியால் குத்திப் பார்க்கிற பழக்கம் இங்கே சிலரிடம் உண்டு. உள்ளே தாழி இருந்தால் உடையும்.

திசைமானி பயன்படுத்துகிறவர்கள் சேலத்துக்கு அருகே உள்ள கஞ்சமலைப் பக்கம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே உள்ள காந்த இரும்புத்தாது முள்ளை இழுத்துவிடும். அந்த மாதிரி இடத்தில் இரண்டு தூரக் குறிகளைப் பார்த்து, அல்லது ஜிபிஎஸ் புள்ளிகள் இரண்டை வைத்து வடக்கை எடுப்பது மேல். மரத்தடியில் கைபேசி ஜிபிஎஸ் 10, 20 மீட்டர் கூடத் தவறும். வெட்டவெளியில் நின்று புள்ளி எடுத்து, அங்கிருந்து நாடாவால் வட்டத்தின் மையத்துக்கு அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கருப்பு சிவப்புப் பானை ஓடு கிடக்கலாம். வெளியே கீழ்ப்பாதி சிவப்பு, வாய்ப்பக்கமும் உட்புறமும் கருப்பு, தொட்டால் வழவழப்பாக இருக்கும். இரும்புக் கசடும் கிடக்கலாம். அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஓட்டை வீட்டுக்கு எடுத்துப் போனால், அந்த இடத்தின் கடைசி ஆதாரத்தையும் நீங்களே அப்புறப்படுத்தியதாக ஆகும்.

எழுதி ஒப்படைப்பது

தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கல்வட்டம் கிடைத்தால் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும், சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கும் எழுதுங்கள். துல்லியமான இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள், வட்டாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் பழைய வரியின் சொல் அப்படியே இருக்க வேண்டும். ஊரை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்பது, வருவாய்க் கிராமம், புல எண், அட்சரேகை, தீர்க்கரேகை, அது எந்த அளவையில் எடுத்தது, யூடிஎம் என்றால் மண்டல எண், எத்தனை மீட்டர் தவறலாம் என்பதும் வேண்டும். பழைய குறிப்போடு எது ஒத்தது, எது ஒக்கவில்லை என்று தனித்தனியே எழுதுங்கள். கற்களின் எண்ணிக்கை, குறுக்களவு, ஓடையின் பக்கம், ஊரிலிருந்து தூரம் ஆகிய நாலில் இரண்டு மட்டும் ஒத்தால், "ஒரு கல்வட்டம் கிடைத்தது" என்று மட்டும் சொல்லலாம். குறிப்பில் சொன்ன அதே வட்டம் என்று சொல்ல மூன்றாவது ஒன்றாவது ஒத்துவர வேண்டும்.

ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அறிக்கை உண்டு. நடந்த தடம், தேதி, செடி எந்த அளவு மறைத்தது, நுழைய முடியாத இடங்கள் எவை என்று வரைபடத்தோடு கொடுத்தால், அடுத்து வருபவர் அந்த 6 ஹெக்டேரை விட்டுவிட்டுப் பழைய மேலூர் வேறு எங்காவது இருந்ததா என்பதிலிருந்து தொடங்கலாம்.